இடது காலுக்கு ஒரு பெடல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று அவர் மறுபடி வண்டியை எடுத்துவிட்டார். நான் போஸ்ட் ஆபீஸ் வேலை முடிந்து வந்து பார்க்கையில் கார் வாசலில் கோணலாக நிற்கிறது. இடது பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்குகிறது. கேட்டால், “எவனோ வந்து இடிச்சுப்போட்டுப் போயிட்டான் அம்மிணி” என்கிறார். எவனும் இடிக்கவில்லை. முக்கில் இருக்கும் ஈ.பி. கம்பத்தில் நம் வண்டி பெயின்ட் ஒட்டியிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் இழுக்கிறது. கை பரவாயில்லை. இந்த வண்டி ஆட்டோமேட்டிக், கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்று போதும். ரிட்டயர் ஆனபோது ஆசையாக வாங்கினார். மில் மெஷின் பார்ட்ஸ் விற்க உடுமலைக்கும் கரூருக்கும் வருஷக்கணக்கில் கிளட்ச் மிதித்தவர். “என்ற இடது காலுக்கும் ரிட்டயர்மென்ட்” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இப்போது அந்தக் கால் நிஜமாகவே ரிட்டயர் ஆகிவிட்டது, வண்டி மட்டும் ஓடுகிறது.

காலை விட்டுத் தள்ளலாம். டாக்டர் பயமுறுத்தியது பார்வையைப் பற்றி. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் இடது பக்கத்தைப் பார்க்கிற இடம் அடிபட்டுவிட்டதாம். “இடது பக்கம் இருட்டா இருக்குன்னு அவர் சொல்லமாட்டாரும்மா. அப்படி ஒரு பக்கம் இருக்கறதே அவருக்குத் தெரியாது. வண்டி மட்டும் கூடவே கூடாது” என்றார். வீட்டில் தினமும் பார்க்கிறேன். தட்டில் இடது ஓரம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கும், “இன்னைக்குப் பொரியல் பண்ணலையா?” என்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். ஷேவிங் ஒரு கன்னத்துக்குத்தான். இந்த மனுஷன் அவிநாசி ரோட்டில் வண்டி ஓட்டுவேன் என்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

சாவியை ஒளித்து வைத்தேன். ரெண்டு நாளாக அவர் சாப்பிடவில்லை. “நான் என்ன ஜெயில்லயா இருக்கறேன்? உன்ற தயவுலதான் இனி வெளிய போகணுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எனக்கும் சோறு இறங்கவில்லை.

சென்னையிலிருந்து மகள் கோகிலா போனில், “வித்துருங்கம்மா” என்றாள். விற்கலாம். ஆர்.சி. அவர் பெயரில் இருக்கிறது, கையெழுத்துப் போடுவாரா? போய் நீயே கேள் என்றேன். அப்புறம் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

மாலையில் சாவியை மேஜை மேல் வைத்தேன். எழுந்து வந்து ரெண்டு தோசை சாப்பிட்டார்.

ஜூன் 9, திங்கள்

பால்காரர் ஆறுச்சாமியைத் தட்டிவிட்டார். நம் தெருவிலேயே. டி.வி.எஸ்.ஸை ஓரம் கட்டிக் கேனிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்த மனிதர். முட்டியில் சிராய்ப்பு, கையில் நாலு தையல். பால் ரோடெல்லாம் ஓடி, நாய்கள் வந்து நக்கிக்கொண்டிருந்தன.

இவர் இறங்கி நின்று, “இந்த ஆளு எங்கிருந்து வந்தாருன்னே தெரியல” என்று கூடியவர்களிடம் சொல்கிறார். பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஆறுச்சாமி எங்கிருந்தும் வரவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் நின்றார். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அவர் பெண்டாட்டி காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த தடவை தையலோடு போகாது.

ஜூன் 11, புதன்

வண்டியில் கியர்பாக்ஸ் போய்விட்டது. சிங்காநல்லூர் மெக்கானிக் ஜாபர் வந்து ஓட்டிக்கொண்டு போனான்.

ஜூன் 14, சனி

ஆபீஸ் அரை நாள். கேஸ் புக் பண்ணினேன், மாவு அரைத்தேன். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தேன்.

ஜாபர் தலையைச் சொறிகிறான். “அக்கா, உங்களுக்கு வண்டி ஜெர்க் அடிக்குது, அவ்வளவுதானுங்க. ஆயில மாத்தி ஒரே ஒரு பார்ட் போட்டா ஓடும். இதப் போயி எதுக்குங்க கியர் வண்டியா மாத்தோணும்? எல்லாரும் கியர் வண்டிய ஆட்டோமேட்டிக்கா மாத்தலாமான்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க ரிவர்ஸ்ல வர்றீங்க.”

முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல் என்றேன்.

முடியுமாம். ஆனால் பெரிய வேலையாம். இதே மாடல் கியர் வண்டி ஒன்று பின்பக்கம் நசுங்கி ஒரு பழைய வண்டி யார்டில் கிடக்கிறது. அதிலிருந்து கியர்பாக்ஸ், கிளட்ச், பெடல், கியர் ராடு, கம்ப்யூட்டர் டப்பா வரைக்கும் கழற்றி இதில் போட வேண்டும். ஆர்.டி.ஓ. பேப்பர் வேலையும் இருக்கிறது. “இந்தச் செலவுக்கு ரிப்பேரே பண்ணிப்போடலாமுங்க” என்றான். ரிப்பேர் வேண்டாம், கியர் வண்டியாகவே மாற்று என்றேன். அவருக்கு மட்டும் கியர்பாக்ஸ் அடியோடு போய்விட்டது, புதுசு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். ஜாபர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், “கிளட்ச் இடது காலுங்களே” என்றான். நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

சரி, இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் ‘வண்டி எடுக்காதீங்க’ என்றால் நான் எதிரி. டாக்டர் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. வண்டியே சொல்லட்டும். வண்டியோடு யாரும் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்க முடியாது.

ஜூன் 18, புதன்

இன்று சொன்னேன். சாம்பார் ஊற்றிக்கொண்டே, பெரிய விஷயமில்லாத மாதிரி. கியர்பாக்ஸ் கிடைக்கவில்லையாம், ஜாபர் கியர் வண்டியாக மாற்றிவிடலாம் என்கிறான் என்று.

முகம் விழும் என்று எதிர்பார்த்தேன். “பரவால்ல, நமக்குக் கியர் வண்டி என்ன புதுசா?” என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம் மேஜைக்கு அடியில் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ரசம் கேட்டார், ஊற்றினேன்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று பாத்திரம் கழுவும்போது நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பிசியோதெரபிக்கு வரும் சர்மிளா இதுவரை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் தூங்க ஆரம்பித்துவிடுவார். இன்று அவள் வரும் முன்னே நாற்காலியைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். “ஆறு மணிக்கு வர்றேன்னுட்டு இப்பத்தான் வர்றயாம்மா?” என்றார். சர்மிளா என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையும்போதுதான் உறைத்தது, இந்த மனுஷன் எதற்காகத் திடீரென்று காலை நீட்டுகிறார் என்று.

ஜூலை 2, புதன்

தலையணையை மடித்துச் சுவரோரம் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் அமுக்குகிறார். காலையில், மத்தியானம், டி.வி. பார்க்கும்போது. தலையணை அசைவதில்லை. கால்தான் வழுக்கி விழுகிறது. வேட்டியைப் பிடித்துக் காலைத் தூக்கி மறுபடி வைக்கிறார்.

ஜூலை 5, சனி

வண்டியைப் பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம். ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

பழைய கியர்பாக்ஸ் தரையில் சாக்குத் துணி மேல் கிடந்தது. அதைச் செருப்புக் காலால் தொட்டு, “இதுவா போயிருச்சு?” என்று ஜாபரைக் கேட்டார். ஜாபர் ஸ்பேனரைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டு, “வயசாயிருச்சுங்க சார்” என்றான். பொய் சொல்லாமல் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான்.

பெடல் மாட்டியாகிவிட்டது. சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பேன்ட்டைப் பிடித்து இடது காலைத் தூக்கிப் புதுப் பெடல் மேல் வைத்தார். பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. பெடல் இம்மிகூட இறங்கவில்லை. ஜாபர் திரும்பி நின்று எதையோ துடைத்தான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டிய புருஷன் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு நிம்மதி. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது, “கிளட்ச் லேசாத்தான் இருக்குதாம். என்ற கால்தான் சரியில்ல” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

வண்டி வந்துவிட்டது. ஷெட்டில் நிற்கிறது. சாவி அவர் சட்டைப்பையில்.

ஆனால் ஆடி பிறக்கப் போகிறது. “இத்தனை வேலை பண்ணுன வண்டி, புது வண்டி மாதிரி. ஆடியில எடுக்க வேண்டாம். ஆவணி பொறந்ததும் பூஜை போட்டு எடுக்கறேன்” என்றார். சாமி விஷயத்தில் இவ்வளவு கறாரான மனுஷன் இல்லை. எப்படியோ ஒரு மாசம் கிடைத்தது என்று மூச்சு விட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இந்த ஒரு மாசத்தை ஆடி எனக்குக் கொடுக்கவில்லை. அவருக்குத்தான் கொடுத்திருக்கிறது. தலையணை இன்று மடங்கியது.

ஜூலை 23, புதன்

சர்மிளா போனில் வீடியோ எடுத்து அவள் மேடத்துக்கு அனுப்புகிறாள். “சாருக்கு என்னம்மா மந்திரம் போட்டீங்க? நாலு மாசமா வராத கால் நாலு வாரத்துல வருது” என்றாள். என்ன மந்திரம் என்று எனக்குத்தான் தெரியும். காபி கலக்குகிறேன் என்று உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

நடக்கும்போது இடது தோள் நிலைப்படியில் இடிக்கிறது. அது மட்டும் மாறவில்லை. இடித்தபிறகு நிலைப்படியை ஏதோ குறுக்கே வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

ஜூலை 30, புதன்

ஆபீஸிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப் போனேன்.

“ஜாபர், அந்தக் கிளட்சைக் கொஞ்சம் டைட்டா வெக்க முடியுமா?”

“எவ்வளவு டைட்டுங்க்கா?”

“அவரால அமுக்க முடியாத அளவுக்கு.”

கை துடைத்த துணியை மடித்து வைத்தான். “மாட்டேனுங்க்கா. கிளட்ச் டைட்டா இருந்தா பாதி வழியில கால் சலிச்சு உட்டுருவாரு. வண்டி குதிக்கும். முன்னால நிக்கறவன் காலி. நான் கையெழுத்துப் போடாத குறையா கொடுத்த வண்டிங்க அது.”

“அப்ப நான் என்னதான்டா பண்ணட்டும்?”

“தெரியலீங்க்கா. நெசத்தச் சொல்லிப்போடுங்க” என்றான்.

சொல்லவா இல்லை? டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், ஆறுச்சாமியின் முட்டி சொன்னது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று எப்படிக் காட்டுவது? ஜாபர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கோபம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். கூட்டத்தில் நின்று அம்மனைக் கும்பிட்டேன். அந்தக் கால் இதற்கு மேல் தேற வேண்டாம் தாயே என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண் தன் புருஷனுக்காக மண்சோறு சாப்பிட உட்கார்ந்தாள். நான் தீர்த்தம் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டரிடம் போனோம். காலுக்கு நூற்றுக்கு எண்பது போடலாம் என்றார். பார்வை அப்படியேதான், வண்டி கூடாது என்று மறுபடி தெளிவாகச் சொன்னார். இவர், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன செய்தியைக் கேட்பது போலத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும், “எண்பது மார்க்கு அம்மிணி” என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். ஷெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார். மிதிக்கிறார், விடுகிறார், மிதிக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெடல் அடி வரைக்கும் போகிறது. தொடை நடுங்குகிறது, ஆனால் போகிறது.

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ மாசம் ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளைக்குப் பூஜையாம். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன்.

காலையில் வண்டியை அவரே கழுவினார், வலது பக்கம் மட்டும் பளபளவென்று. நான் மற்ற பக்கத்தைத் துடைத்தேன். மாலை போட்டோம், சந்தனம் குங்குமம் வைத்தோம். கற்பூரம் காட்டினேன். எலுமிச்சம்பழம் நாலையும் டயருக்கு அடியில் நானே வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். வலது முன் டயருக்கு ஒன்று, வலது பின் டயருக்கு ஒன்று. கையில் மிச்சம் ரெண்டு பழம். அதைப் பார்த்து, “ரெண்டு சேர்த்து வாங்கிட்டியாட்ட இருக்குது” என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அந்த ரெண்டு பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் முடிவு செய்தேன். யோசித்துச் செய்ததில்லை. இடது ஹெட்லைட்டுக்கு முன்னால், பம்பருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

இன்ஜின் ஓடியது. கியர் விழுந்த சத்தம் கேட்டது.

“அம்மிணி, ஏறு. நேரமாகுது.”

நான் பேசவில்லை. கண்ணாடி வழியாக அவர் முகம் முழுசாகத் தெரிகிறது. நேரே பார்க்கிறார். வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார். வலது கண்ணாடியில் பார்க்கிறார். என் மேல் கண் ஒரு தடவைகூட விழவில்லை. சிவப்புப் புடவை கட்டி, கையில் மஞ்சளாக ரெண்டு பழம் வைத்துக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருப்பவள் எதிரில் நிற்கிறேன்.

“எங்க போயிட்ட? வீட்டுக்குள்ளயா?” ஹாரன் அடித்தார். வீட்டைப் பார்த்து அடித்தார்.

அன்றைக்கு ஷெட்டில் பார்த்த மாதிரி அவர் தொடை ஸ்டியரிங்குக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். தேற வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேனே, அந்தக் கால்தான் இப்போது கிளட்ச் மேல் இருக்கிறது. தாயே, அது சலித்துப்போகாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன். இனி நகர்ந்துவிடலாம் என்று தோன்றியது. நகர்ந்தால் நாளைக்கு இங்கே வேறு யாராவது நிற்பார்கள்.

“செரி, முக்கு வரைக்கும் போயிட்டு வந்து கூட்டிக்கறேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிளட்ச் மெல்ல எழும்பியது. வண்டி அசைந்தது. பம்பர் என் முட்டியைத் தொட்டது.

பானெட்டில் ஓங்கித் தட்டினேன். “இங்கதானுங்க இருக்கறேன்.”

குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். கண்ணில் நான் விழுந்த அந்த நொடி எனக்குத் தெரிந்தது, வாய் திறந்துகொண்டது. கால் மட்டும் தன் வேலையைச் செய்தது. கிளட்சும் பிரேக்கும் ஒன்றாக இறங்கி வண்டி நின்றது. சாவியைத் திருப்பி அணைத்தார்.

“எப்ப வந்த?”

“வரலீங்க. நீங்க ஏறுனதுல இருந்து இங்கயேதான் நிக்கறேன்.”

“பொய் சொல்ற.”

“கையில எலுமிச்சம்பழம் இருக்குது பாருங்க. அந்தப் பக்க டயருக்கு நீங்க வெக்காத பழம்.”

இறங்கி வந்து பார்த்தார். இடது பக்க டயர் ரெண்டையும் குனிந்து பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார், ஆறுச்சாமி விழுந்த இடத்தை.

திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டார். சாவியை என்னிடம் நீட்டினார். “கண்ண நேரா வெச்சுக்கறேன். நீ அந்த மூலையில இருந்து மெதுவா நடந்து வா.”

வலது ஹெட்லைட்டிலிருந்து நடந்தேன். “இருக்கற” என்றார். இன்னொரு அடி. “இருக்கற.” பானெட்டின் நடுவைத் தாண்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் நின்றேன். “நடக்கறயா?” என்றார். “இல்லீங்க, நின்னுட்டேன்” என்றேன். குரல் கேட்டுக் கன்னம் துடித்தது, ஆனால் கண்ணைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டார். “மறுபடி வா” என்றார். மறுபடி நடந்தேன், அதே இடத்தில் மறுபடி அவருக்கு இல்லாமல் போனேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்புறம் ஸ்டியரிங் மேல் ரெண்டு கையையும் வைத்து, “கியர்பாக்ஸ் நெசமாலுமே போச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வெகுநேரம் கியர் ராடைத் தடவிக்கொண்டிருந்தார். அழுதார். நானும் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். நான் இடது பக்கம் இருப்பதால் தலையை முழுசாகத் திருப்பித்தான் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது. திருப்பினார்.

“ஆனா கால் நல்லா அமுத்துது அம்மிணி” என்றார்.

“தெரியுமுங்க. அத நம்பித்தான் முன்னால நின்னேன்” என்றேன்.